தொடாமல் போன கட்டில்கள்

ஜூலை 3, வியாழன்

கீழ்வீட்டுக்காரர் இன்றும் மாடிப்படியில் பினாயில் ஊற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் பதிலுக்கு நானும் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். திருப்பரங்குன்றத்தில் இதே மாடியில் இத்தனை வருடமாக இருக்கிறேன், அக்காவைக் கூட்டி வந்த பிறகுதான் இந்த வீடு அவருக்கு நாறுகிறது.

அக்காவுக்கு வாயைத் திறந்தாலும் வலி, மூடினாலும் வலி. வாயில் வந்த புற்று கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. "இனி செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்கம்மா" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எந்த வீட்டில்? பெற்ற மகன் முத்திருளன் பார்த்துக்கொண்ட லட்சணத்தை ஊரில் போய் என் கண்ணால் பார்த்தேனே. மாட்டுக்கொட்டகையில் கட்டில். அவன் பெண்டாட்டி சோற்றுத் தட்டைத் தரையில் வைத்துக் கம்பால் தள்ளிவிடுகிறாள். அழகம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் அன்றைக்கு அந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு லீவு தீர்ந்துவிட்டது. மின்வாரிய ஆபீசில் சரண்யாதேவி சொல்கிறாள்: "அலங்காநல்லூர் போற ரோட்டுல சிஸ்டருங்க ஒரு இல்லம் வச்சிருக்காங்கக்கா. இப்படி முடியாம கெடக்குறவங்களத்தான் கடைசிவரைக்கும் பாக்குறாங்க. காசு கேக்குறதில்ல."

கன்னியாஸ்திரிகளிடமா? நானா? சிந்தனை மன்ற மேடையில் ஏறி, சேவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது பாருங்கள் என்று தொண்டை கிழியப் பேசுகிற நாகஜோதியா? அரசாங்கம் நடத்த வேண்டிய இடம் அது. வரி கட்டுகிறோமே, எதற்கு?

ஜூலை 6, ஞாயிறு

சேர்த்துவிட்டேன். வேறு வழி இருந்தால் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாழைத்தோப்புக்கு நடுவே நீளமான ஓட்டுக் கட்டடம். பெண்கள் கூடத்தில் இரண்டு வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டுக்கும் மேலே சிலுவை. சிஸ்டர் பெர்சி என்பவர்தான் கூடத்துக்குப் பொறுப்பு. குட்டையான ஆள், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், படபடவென்று பேசுகிறார். அக்காவின் கட்டைப் பிரித்தார். மூக்கைப் பொத்தவில்லை. உள்ளே புழு.

நான் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.

திரும்பி வந்தபோது இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே அக்காவிடம் ஜல்லிக்கட்டு பேசிக்கொண்டிருக்கிறார். "உங்க ஊருக்காரக சும்மா சவுண்டு விடுறீக, மாடு எங்க ஊரு மாடுதான்" என்று. அக்காவுக்குச் சிரிக்க வாய் இல்லை, கண் சிரித்தது. பிறகு ஏதோ மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார். சாயங்காலத்துக்குள் நாற்றம் பாதி அடங்கிவிட்டது. ஒரு மாத்திரை! இதை அந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லையே.

எதிர்க் கட்டிலில் பாக்கியம் என்றொரு கிழவி, இடுப்பெலும்பு ஒடிந்து படுத்த படுக்கை, கையில் ஜெபமாலை. வந்ததும் வராததுமாக, "எந்தக் கோயிலு தாயி நீங்க?" என்றாள். எந்தக் கோயிலும் இல்லை என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூலை 9, புதன்

நினைத்தது சரிதான்.

ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டியை முடுக்கிக்கொண்டு போய்ச் சேரும்போது மணி அடித்தது. ஜெபம். ஸ்பீக்கரில் மாதா பாட்டு. அது முடிந்ததும் பெர்சி ஒவ்வொரு கட்டிலாக வந்தார். நெற்றியில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் நிற்கிறார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார், கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாய் ஒரு சிலுவை போடுகிறார், அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அக்காவுக்கும் போட்டார். என் கண்ணெதிரே, என் அக்கா நெற்றியில்.

"அவ இந்து. நான் நாத்திகம். எதுக்கு இது?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் செய்றதுதான் மேடம்" என்றார், ஊசி போடுவதைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

ஆறாம் வகுப்பில் மதுரையில் மிஷன் ஹாஸ்டலில் கொண்டுபோய் என்னைச் சேர்த்தது அக்காதான். அங்கே ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும்போது, "அஞ்ஞானிப் பிள்ளைகள்லாம் பின்னாடி" என்பார் வார்டன். என் பெயர் அவருக்குக் கடைசிவரை தெரியாது, அஞ்ஞானிதான். அந்த ஹாஸ்டல் இல்லாவிட்டால் நீ ஆடுதான் மேய்த்திருப்பாய் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். ஆமாம், மேய்த்திருப்பேன். எங்கள் ஊர்ப்பக்கம் பொம்பளைப் பிள்ளை கையில் முதல் சிலேட்டைக் கொடுத்தது அவர்கள்தான், பிரசவத்தில் சாகாமல் காப்பாற்றியது அவர்கள் நர்சுகள்தான், நான் எங்கே இல்லை என்றேன்? அதற்காக ஆயுசு முழுக்க நன்றி நன்றி என்று கும்பிட்டுக்கொண்டே இருக்கணுமா? கொடுத்த கை நெற்றியில் கோடு போடும்போது கேள்வி கேட்கக் கூடாதா? பேச வாயே இல்லாதவள் நெற்றியில்!

ஜூலை 10, வியாழன்

இன்று வீடியோ எடுத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

மன்றக் கூட்டம். தோழர் ஜெயக்கொடி வீடியோவைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். மன்றத்தின் யூடியூப் சேனலை நடத்துவது அவர்தான். "தோழர், இத விட ஆதாரம் என்ன வேணும்? இன்னிக்கே போட்டுர்றேன்" என்றார். போடுங்கள் என்றேன். அக்கா முகம் தெரிகிறதே என்றார் ஒருவர். தெரியட்டும், அப்போதுதான் உறைக்கும் என்று சொன்னதும் நான்தான்.

"சாகும்போதும் விடமாட்டீர்களா?" இதுதான் தலைப்பு. தலைப்பும் நான் கொடுத்தது.

ஜூலை 16, புதன்

எங்கெங்கிருந்தோ போன். ஆபீசில் டீ குடிக்கும்போது இரண்டு பேர் கைகொடுத்தார்கள். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், "நீ மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவதானம்மா" என்றார். படித்ததனால்தான் சார் கேட்கிறேன் என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டு போனது நன்றாக இருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே நன்றாக இருந்தது.

ஜூலை 22, செவ்வாய்



இல்லத்து கேட்டில் இரண்டு வேன் நிற்கிறது. கொடி, மைக், கூச்சல். இந்துப் பெண்களை மதம் மாற்றுகிறார்களாம், இழுத்து மூட வேண்டுமாம். போலீஸ் ஒரு பக்கம், ஜீப்பில் வந்த அதிகாரிகள் ஒரு பக்கம். முன்னால் நின்று கத்துகிறவனை எனக்குத் தெரியும். அழகுபாண்டி. போன வருடம் எங்கள் மன்றக் கூட்டத்தில் புகுந்து நாற்காலியைத் தூக்கி வீசியவன், என்னை மேடையில் வைத்தே கேட்கக் கூசும் வார்த்தை சொன்னவன்.

அவன் இன்று என்னைப் பார்த்ததும் கும்பிடுகிறான். "அக்கா, வாங்கக்கா. ஒங்க வீடியோதான் எங்களுக்கு ஆதாரமே. நல்ல வேல செஞ்சீக."

நல்ல வேலை செஞ்சேனாம்! அவன் வாயால்!

"ஒங்க வீட்டுப் பொம்பள புழுத்துக் கெடந்தா நீ தூக்கிட்டுப் போவியாடா?" என்று கத்தினேன். "உள்ள கெடக்குறவகள இப்பக் கூட்டிட்டுப் போறியா? வேன் இருக்குல்ல? ஏத்து!" அவன் சிரித்தான். பின்னாலிருந்து எவனோ, "இந்தம்மா எந்தப் பக்கம்னே தெரியலையே" என்றான்.

எந்தப் பக்கம்? எனக்கு மட்டும் தெரியுமா?

ஜூலை 23, புதன்

ஜெயக்கொடிக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அக்கா சாப்பிட மறுக்கிறாள். ஒரு வாரமாகக் கஞ்சியை ஸ்பூனால் ஊட்டப் போனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாளாம். வலி கூடிவிட்டதா என்றால் இல்லை என்று கையசைக்கிறாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. நோய் முற்றிவிட்டது போல, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாக்கியம்தான் எதிர்க் கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். "ஏந்தாயி, நோவுன்னா நெனச்ச? அவளத் தொடாமப் போறாகல்ல, அதேன்."

மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து பார்த்தேன். பெர்சி ஜெபம் முடித்து வந்தார். பாக்கியத்தின் நெற்றியில் கை வைத்தார். அக்கா கட்டிலருகே வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார். அந்தப் பக்கம் இன்னும் மூன்று இந்துக் கட்டில்கள், அங்கேயும் அப்படியே. அக்கா கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

"அக்கா" என்று அவள் கையைப் பிடித்தேன். கன்னத்துக் கட்டுக்குள்ளிருந்து காற்றும் சொல்லுமாக வந்தது. "கொட்டகையிலயும்... இப்பிடித்தேன் சோதி... சுத்திப் போவாக."

ஜூலை 30, புதன்

சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். பெர்சி பின்பக்கம் துணிகளைச் சோடா உப்பில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தீண்டாமை பாக்குறீகளா? மனுசியத் தொடக் கூசுதா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். அவர் துணியைப் போட்டுவிட்டு எழுந்தார். இப்படி ஒரு கோபத்தை அந்த முகத்தில் நான் எதிர்பார்க்கவில்லை.

"நானாக்கா? நீங்கதான தொடக்கூடாதுன்னு ஊரு ஒலகமெல்லாம் சொன்னீக? அதிகாரி வந்து எழுதி வாங்கிட்டுப் போயிட்டாரு. கிறிஸ்தவங்க இல்லாதவங்கள ஜெப நேரத்துல யாரும் தொடக் கூடாதுன்னு எங்க தலைவி மதர் சொல்லிட்டாக. மீறினா மூடிருவாக. மூடினா இவுக எங்க போவாக? சொல்லுங்க. நீங்க வச்சுக்கிறீகளா?"

"கட்டுப் போடும்போது தொடுறீகல்ல?"

"அது புண்ணத் தொடுறது."

அவர் விடவில்லை.

"எங்க சபையில எழுதுறதுக்கு விசயமா இல்ல? எங்க ஊருக் கல்லறைத் தோட்டத்துல நடுவுல இன்னிக்கும் சாதிச் சுவரு இருக்கு. எங்க அப்பாவ அந்தப் பக்கந்தான் பொதச்சோம். நல்ல வாசல் வழியா பெட்டியத் தூக்கிட்டுப் போக விடல, கிறிஸ்தவங்கதான் விடல. அத எழுதியிருந்தா நானே வெலாசம் குடுத்துருப்பேன், கூட வந்து நின்னுருப்பேன். நீங்க படம் புடிச்சுப் போட்டது எத? சாகக் கெடக்குறவ நெத்தியில வச்ச கையையா?"

"சிலுவை போட்டீங்களே. அவகிட்டக் கேட்டீங்களா?"

அவர் சட்டென்று நின்றார். "இல்ல" என்றார். "கேக்கல." பிறகு, "வீடியோ எடுக்கும்போது நீங்க கேட்டீகளா?"

நான் வந்துவிட்டேன். வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், மனதுக்குள் ஒரு திட்டும் சரியாக வந்து விழவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஜெயக்கொடியை மாட்டுத்தாவணியில் பிடித்தேன், திருச்சி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். வீடியோவை எடுங்கள் என்றேன்.

"அதுல பொய் என்ன இருக்கு தோழர்?"

"ஒண்ணும் இல்ல. எடுங்க."

"அவன் எடுத்துக்கிட்டான்னா நாம உண்மைய மறைக்கணுமா? ஒங்க அக்கான்னதும் கொள்கை மாறிடுச்சா?"

"அது எங்க அக்கா மூஞ்சி. அவகிட்ட நான் கேக்கல, எடுங்கன்னா எடுங்க" என்று கத்தினேன். பூ மூட்டை தூக்கிப் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எடுப்பதாகச் சொன்னார். எடுத்து என்ன? அழகுபாண்டி கூட்டம் எத்தனையோ பேருக்கு அனுப்பிவிட்டது. வாய் பேச முடியாத என் அக்காவின் முகம் யார் யார் கையிலோ போய்க்கொண்டிருக்கிறது. தேர்தல் வந்தால் போஸ்டரிலும் போடுவான்கள்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

"அக்கா, அவுக நெத்தியில சிலுவ போட்டாகளே, அது ஒனக்கு வேணுமா? இயேசு சாமி கும்பிடுறியா? மாறணுமா? என்னன்னாலும் சொல்லு, நான் கோவிக்க மாட்டேன்." கோபிக்காமல் இருக்க முடியுமா என்று எனக்கே சந்தேகம்தான்.

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு மடித்த தாளை எடுத்துக் காட்டினாள். ஊர்க் காளியம்மன் கோயில் திருநீறு. கொட்டகையிலிருந்து வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள், எனக்குத் தெரியாமல். நான் திருநீற்றைப் பார்த்தாலே சண்டை போடுகிறவள் ஆயிற்றே.

"எனக்கு இருக்கு சாமி" என்றாள்.

"அப்புறம் ஏன் சிலுவைய விட்ட?"

"அது அவுக பழக்கம்... நம்ம வீட்டுக்கு வந்தவகளுக்கு... நாம துண்ணூறு குடுக்கமாட்டமா?" மூச்சு வாங்கியது. என் கையைத் தேடி எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். "இதேன் வேணும்."

இவ்வளவுதான். கிறிஸ்தவமும் வேண்டாம், என் பகுத்தறிவும் வேண்டாம், ஒரு கை. நோய் வந்த நாளிலிருந்து, பெர்சியைத் தவிர, அவளை யாரும் சும்மா தொட்டதில்லை. கட்டுப் பிரிக்கத் தொட்டார்கள், தூக்கிப் போடத் தொட்டார்கள். நானும் அப்படித்தான். வீட்டில் இருந்தபோது கையுறை போட்டுக்கொண்டு கஞ்சி ஊட்டினேனே, இந்த நாகஜோதி!

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மதரைப் பார்த்துப் பேசினேன். தொடச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறேன், அக்காவிடம் கைநாட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். முடியாது என்றார். "இன்னைக்கு எழுதிக் குடுப்பீங்க, நாளைக்கு வேற யாரோ வீடியோ எடுப்பாங்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. பயந்துபோயிருக்கிறார். பயமுறுத்தியது யார் என்று சொல்லவும் இல்லை.

சாயங்காலம் மணி அடித்தது. பெர்சி அந்த வரிசையில் போனார். நான் இந்த வரிசையில் எழுந்தேன். யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அக்கா நெற்றியில் கை வைத்தேன். பிறகு அடுத்த மூன்று கட்டில்கள். கை வைத்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். எனக்கு மந்திரமா தெரியும்? "சாப்டீகளா?" என்று கேட்டு வைத்தேன். ஒரு கிழவி, "சாப்டேன் தாயி" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்தின் கோடியில் பெர்சியும் நானும் எதிரெதிரே வந்து நின்றோம். அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அக்கா இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆபீஸ், ஸ்கூட்டி, மணி, நாலு கட்டில். தோழர்கள் யாரும் பேசுவதில்லை. ஞானஸ்நானம் எடுத்தாச்சா என்று கேட்டு ஒரு கும்பிடு பொம்மையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான் ஒருவன். போடா.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அக்கா போய்விட்டாள். கூட இருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஆளுயர பிளெக்ஸ். மாலை போட்ட அக்கா படம், சுற்றிலும் பேரன் பேத்திகள் படம், கீழே "உங்கள் அன்பு மகன் முத்திருளன்". கம்பால் தட்டைத் தள்ளியவளும் அந்தப் பிளெக்ஸில் கைகூப்பி நிற்கிறாள். கொட்டு, வெடி, பூப்பல்லக்கு. உயிரோடு இருந்தவளுக்கு ஒரு பாய் விரிக்கவில்லை.

பெர்சி வந்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த பொம்பளைகளுக்குள் ஒரே முணுமுணுப்பு. முத்திருளன் என்னிடம் வந்து, "சின்னம்மா, ஆத்தாவ வேதத்துல சேத்துட்டாகளாம்ல? தீட்டுக் கழிக்கணுமாம்ல" என்றான்.

கன்னத்தில் ஒன்று விட்டேன். எல்லோர் முன்னாலும். "புழுவ எடுத்தவக அவுகடா. ஒனக்குத்தேன்டா தீட்டு" என்றேன். பெர்சி என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மடித்த தாளிலிருந்த திருநீற்றை அக்கா நெற்றியில் பூசியது நான். என் கையால். எனக்கு நம்பிக்கை இல்லை, அவளுக்கு இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

கல்லறைச் சுவரைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன். போன வாரம் பெர்சியுடன் அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தேன். இடுப்புயரச் சுவர், புதிதாக வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள், வெட்கமில்லாமல். நல்ல பக்கத்தில் பளிங்குக் கல்லறைகள், இந்தப் பக்கம் எருக்கஞ்செடி. வேதத்தில் எல்லோரும் சகோதரர், மண்ணுக்குள் போனால் சாதி. எழுத எழுதக் கோபம் குறையவில்லை, கூடியது. நல்லது.

"உங்க பேரப் போடலாமா?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"மதர் என்னைய வேற ஊருக்கு மாத்திருவாக" என்றார். அப்புறம், "போடுங்க. எங்க அப்பா பேரையும் சேத்துப் போடுங்க. ஆசீர்வாதம்."

செப்டம்பர் 7, ஞாயிறு

அக்கா இல்லாத இடத்தில் இனி எனக்கு என்ன வேலை என்றுதான் இருந்தேன். அக்காவின் துணிமணிகளைக் கொடுத்துவிட்டு வரலாமென்று போனேன். அவள் கட்டிலில் முத்துத்தாய் என்று ஒருத்தி. அவளுக்கும் திருநீறு பூசிய நெற்றி. மணி அடித்தது. பெர்சி அந்த வரிசைக்குப் போனார், இந்த வரிசையில் பழைய மூன்று பேரும் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்கள். என்ன செய்வது? துணிப்பையைக் கீழே வைத்தேன்.

நாலு கட்டிலையும் முடித்துவிட்டு, முத்துத்தாயிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பினால், எதிர்க் கட்டிலில் பாக்கியம் என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏந்தாயி, நானும் ரொம்ப நாளாப் பாக்குறேன். அவுகளையெல்லாம் தொடுற. என்னைய மட்டும் ஏன் தொடாமப் போற? நான் வேதக்காரின்னா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. "ஒங்களத்தான் சிஸ்டர் தொடுறாகளே" என்றேன்.

"அவுக தொட்டா நீ தொடக் கூடாதா?"

போய் அவள் நெற்றியில் கை வைத்தேன். சுருக்கம் விழுந்த நெற்றி, லேசான சூடு. "சாப்டீகளா?"

"சாப்டேன். ஆமென் சொல்லு தாயி."

"அது மட்டும் என்னால முடியாது."

"சரி, கைய எடுக்காத. அத நான் சொல்லிக்கிறேன்" என்று கண்ணை மூடினாள். மெதுவாகச் சொன்னாள். நான் கையை எடுக்கவில்லை.